ஆறாவது பலகை

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் மாலுமி என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டம் கொடுத்தவள் அவளுடைய தங்கை, அதுவும் கேலிக்கு. ஆற்றைக் கடக்கும் படகில் பத்து நிமிஷம் உட்கார்ந்தாலே இவளுக்கு வயிற்றைப் புரட்டும். அக்கரை வருவதற்குள் முகம் வெளுத்துப்போகும். ஐம்பத்தெட்டு வயதுவரை ஒரு கப்பலில்கூடக் கால் வைத்ததில்லை. ஆனால் நூறு வருஷத்துக்கு முந்தைய பயணிகள் கப்பல்களில் எந்தத் தளத்தில் எத்தனை கதவு, எந்தக் கொடிமரம் எவ்வளவு சாய்வு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

"தண்ணியில மிதக்குற கப்பல் எனக்கு ஒத்துக்காது. மேசை மேல நிக்குற கப்பல்தான் ஒத்துக்கும்" என்பாள்.

மேசை மேல் நிற்கும் கப்பல் பதினோரு உருவம் முடித்திருந்தாள். எல்லாம் மரத்தில், எல்லாம் அவள் கையால் செதுக்கியது.

கப்பலுக்கு முன்னால் அவள் கை பழகியது பல்லில். ஒரு பல் மருத்துவமனையின் பின்கட்டில், மெழுகும் பல் அளவெடுத்த சுண்ணச்சாந்து அச்சுகளும் நிறைந்த ஓர் அறையில், இருபத்தாறு வருஷம் பல்செட் செய்தாள். சேர்ந்த புதிதில், முன்பல் ஆறையும் அளவுகோல் வைத்தாற்போல் வரிசையாக அடுக்கி, பெருமையோடு டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். டாக்டரம்மா ஒரே பார்வையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது பல்லு இல்லம்மா, பியானோ கட்டை. மனுஷன் வாயில எதுவும் நேர்கோட்டுல இருக்காது. போய் நாலு பேரைச் சிரிக்க வச்சுப் பாத்துட்டு வா."

அவள் போய்ப் பார்த்தாள். பேருந்தில், வரிசைகளில், கல்யாணப் புகைப்படங்களில். அன்றிலிருந்து எதையும் செய்வதற்கு முன்னால் அது நிஜத்தில் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் அவளுக்கு ஒட்டிக்கொண்டது.

கப்பல் அவள் வாழ்க்கைக்குள் வந்தது புருஷனின் கால் உடைந்ததால். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுநர். ஏணியில் சறுக்கி விழுந்து, மூன்று மாதம் கட்டுப்போட்ட காலோடு நாற்காலியில் கிடந்தார். கூட வேலை செய்தவர்கள் பொழுதுபோகட்டும் என்று ஒட்டிச் சேர்க்கும் கப்பல் ஒன்றைப் பெட்டியோடு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர் கப்பலை ஒட்டியதைவிட விரல்களை ஒட்டிக்கொண்டதுதான் அதிகம். ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னங்க இது, குளியல் தொட்டிக்குப் புகைபோக்கி வச்ச மாதிரி இருக்கு?"

"படத்துல போட்டிருக்கிற மாதிரிதானே ஒட்டுனேன்."

"உங்க மேல தப்பில்ல. பெட்டி மேல இருக்கிற போட்டோவைப் பாருங்க. மேல்தளம் நடுவுல லேசா தாழ்ந்து, ரெண்டு முனையிலயும் ஏறுது. இவன் ஸ்கேல் வச்சு நேரா வெட்டி அனுப்பியிருக்கான்."

அடுத்த வாரம் மரக்கடையில் நாலு பலகை வாங்கினாள். முதல் கப்பல் முடிய பதினான்கு மாதம் ஆனது. அதற்குள் புருஷனின் கால் குணமாகி அவர் கிரேனுக்குத் திரும்பியிருந்தார். கத்தியைத் திரும்ப அவர் தொடவேயில்லை. மேற்பார்வையை மட்டும் எடுத்துக்கொண்டார். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, கீழே சுமையைச் சொன்ன இடத்தில் சொன்னபடி இறக்கிப் பழகிய கண் அது. சோபாவிலிருந்து எழாமலே, "இடது பக்கம் அரை நூல் எறங்கியிருக்கு" என்பார். அளந்து பார்த்தால் அரை நூல் இறங்கியிருக்கும். அவளுக்குக் கோபம் வரும். பிறகு சரிசெய்வாள்.

அவர்கள் வீடு மூன்றாவது மாடியில். சாப்பாட்டு மேசை இருந்த இடத்தில் ஆறடி வேலைமேசை. எதிரே ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே பேருந்துப் பணிமனை. மேசை விளிம்பில் பழைய பல் துளைக்கும் கருவி ஒன்று. மருத்துவமனையில் புதிது வாங்கியபோது கேட்டு வாங்கி வந்தது. பல்செட்டுக்குக் கொக்கி வளைக்கும் மெல்லிய எஃகுக் கம்பிச் சுருள், கப்பலில் கைப்பிடி வேலி ஆகும். இருவரும் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுவார்கள். "உங்க வீட்டுக்கு விருந்துக்கு வந்தா முதுகெலும்பு தேஞ்சுடுது" என்பாள் தங்கை. ஆனாலும் மாதம் தவறாமல் வருவாள்.

பன்னிரண்டாவது கப்பலைக் கேட்டது கடல்சார் அருங்காட்சியகம். மூன்று புகைபோக்கி வைத்த பழைய பயணிகள் கப்பல் அது. இருபத்திரண்டு வருஷம் அந்த ஊர்த் துறைமுகத்துக்கு வந்துபோனது. ஊர்க்காரர்களில் பாதிப்பேர் அதில்தான் வந்திறங்கினார்கள். மீதிப்பேரின் உறவுக்காரர்கள் அதில்தான் கிளம்பிப் போனார்கள். கடைசியில் உடைத்து இரும்பாக விற்றுவிட்டார்கள். அருங்காட்சியகத்தின் புதுக் கூடத்துக்கு நடுநாயகமாக அந்தக் கப்பலின் உருவம் வேண்டும், அதுவும் அதன் கடைசி வருஷத்தில் இருந்தபடியே வேண்டும் என்றார் இயக்குநர். நிதானமான மனிதர், பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே பேசுபவர்.

"கப்பல் கட்டுமானத்துல உங்களுக்குப் பயிற்சி உண்டா?" என்று கேட்டார்.

அவள் கைப்பையிலிருந்து, சுண்டுவிரல் நீளத்தில் செதுக்கிய உயிர்காக்கும் படகு ஒன்றை எடுத்து அவர் மேசையில் வைத்தாள்.

"பல்லு செய்யறதுல பயிற்சி உண்டு சார். அதைவிடக் கப்பல் சுலபம். வலிக்குதுன்னு திரும்பி வராது."

இயக்குநர் படகை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே துடுப்புகள்கூட இருந்தன. அதற்குப் பிறகு பயிற்சி பற்றிக் கேட்கவில்லை.

நிஜத்தில் நூற்றைம்பது அடி என்றால் மேசையில் ஓர் அடி. நிஜக் கப்பல் அறுநூறு அடி. ஆக, இது நாலடிக் கப்பல். உடல்பகுதிக்கு அரை அங்குலப் பலகைகள் ஒன்பது. ஒவ்வொன்றையும் அந்தந்த உயரத்தில் கப்பல் எவ்வளவு அகலமோ அந்த வடிவில் வெட்டி, உள்ளே குடைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையும் மரமுளையும் வைத்துச் சேர்த்தால் படிக்கட்டு மாதிரி ஒரு கப்பல் வரும். படிகளைச் செதுக்கித் தேய்த்து வளைவாக்க வேண்டும். மேலே இருக்கும் தளங்களை மூடி மாதிரி தனியாகச் செய்வது அவள் வழக்கம். கொடிமரம், புகைபோக்கி, படகுகள் எல்லாவற்றோடும் அப்படியே தூக்கி எடுத்துவிடலாம். கழற்ற முடியாத எதையும் செய்யக்கூடாது என்பது பல்வேலையில் படித்த பாடம். பதினாறு மாதத்தில் முடித்தாள். திறப்புவிழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே கப்பல் கண்ணாடிப் பேழைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

ஒன்பதாம் நாள் காலையில் தொலைபேசி வந்தது. பேசியது கூடத்தின் காவல்காரப் பெண். நாள் முழுக்கக் கப்பல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவள்.

"அக்கா, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. உங்க கப்பல்ல வலதுபக்கம் ஒரு கோடு தெரியுது. நேத்து முடி மாதிரி இருந்துச்சு. இன்னிக்குக் கொஞ்சம் தடிச்சிருக்கு."

அவள் அடுத்த பேருந்தில் போனாள். கோடுதான். தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, கறுப்பு வண்ணத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். அதற்கு மேல் இரண்டு பலகை சேரும் மூட்டும் வாய்பிளக்கத் தொடங்கியிருந்தது. கூடத்தில் இரவும் பகலும் குளிர்சாதனம். காற்று காய்ந்து கிடந்தது. அவள் நகத்தால் விரிசலைத் தடவிக்கொண்டே நின்றாள். இயக்குநர் வந்தார், பார்த்தார், பேனா மூடியைக் கழற்றினார்.

"புட்டி வச்சு அடைச்சு மேல வண்ணம் அடிச்சுட்டா தெரியாதில்ல?"

"திறப்புவிழா அன்னிக்குத் தெரியாது சார். ஆறு மாசம் கழிச்சுப் பக்கத்துல இன்னொரு இடத்துல திறக்கும். ஈறு கெட்ட இடத்துல பல்லு வச்ச மாதிரிதான். நான் எடுத்துட்டுப் போறேன்."

"அழைப்பிதழ் அச்சாகிடுச்சு. ஏழு வாரந்தான் இருக்கு."

"தெரியும். ஏழு வாரத்துக்குள்ள இது இங்க நிக்கும்."

சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று அப்போது அவளுக்கே தெரியாது.

வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. ஒவ்வொரு பலகையிலும் வெட்டியதுபோக மிஞ்சிய துண்டை எண் போட்டு அதில் வைத்திருப்பாள். ஒன்பது துண்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்தாள். எட்டு நேராகக் கிடந்தன. ஆறாவது மட்டும் வில்லாக வளைந்திருந்தது. விரலால் ஒரு முனையை அமுக்கினால் மறுமுனை எழும்பியது.

புருஷன் குனிந்து பார்த்தார். "மரக்கடைக்காரர் ஈரமரத்தைத் தலையில கட்டிட்டாரா?"

அவள் வளைந்த துண்டைக் கையில் எடுத்தாள். ஆறாவது பலகை மட்டும் தனியாக வாங்கியது. எட்டு கையில் இருந்தது, ஒன்று குறைந்தது. கடைக்காரர் பலகையைக் கொடுக்கும்போதே, "இதை வச்சு வேலைய ஆரம்பிச்சுடாதீங்கம்மா, இன்னும் ரெண்டு மாசமாவது காயணும்" என்று சொன்னார். அவள் மூன்று வாரம்தான் பொறுத்தாள். கை பரபரத்தது, மற்ற எட்டும் தயாராக மேசையில் கிடந்தன.

"அவர் சொன்னாருங்க. நான்தான் கேக்கல."

மறுநாள் இயக்குநரிடமும் அதையே சொன்னாள். "குளிர்சாதனத்தக் குறை சொல்லி எழுதிடாதீங்க. மரம் காயல. அவசரப்பட்டது நான்." இயக்குநர் கொஞ்சம் திகைத்துப் போனார். குளிர்சாதனத்தைக் குறை சொல்லி ஏற்கெனவே அரைக் கடிதம் எழுதிவைத்திருந்தார்.

கப்பல் வீட்டுக்கு வந்து மேசையில் ஏறியதும் புருஷன் கையைக் கட்டிக்கொண்டு அதைச் சுற்றி வந்தார்.

"வலிக்குதுன்னு திரும்பி வந்துடுச்சு பாத்தியா?"

"வந்துடுச்சு. வாயைத் திறக்கச் சொல்லுங்க, பாப்போம்."

"விளையாடாத. பதினாறு மாச வேலைய ஏழு வாரத்துல புதுசா செய்யப் போறியா?"

"எதுக்குப் புதுசா? கப்பல் கெடல. ஒரு பலகைதான் கெட்டுது. அதை மட்டும் எடுத்துட்டு வேற வைக்கப் போறேன்."

"அது நடுவுலல்ல இருக்கு? கீழ அஞ்சு, மேல மூணு."

"நடுவுல இருக்கிறதத்தான் எடுக்கணும். பல்செட்டுல ஒரு பல்லு உடைஞ்சா மொத்த செட்டையும் தூக்கியா எறியறோம்?"

 அன்று சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. தட்டை அப்படியே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

ஊரின் மறுபக்கத்தில் கதவு ஜன்னல் செய்யும் பட்டறை ஒன்றில், இரண்டு சக்கரத்தின் மேல் பெல்ட் மாதிரி ஓடும் பெரிய ரம்பம் இருந்தது. மேல்தளங்களைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, உடல்பகுதியைப் போர்வையில் சுற்றி இருவரும் பேருந்தில் கிளம்பினார்கள். புருஷன் அதை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார். பக்கத்து இருக்கைக்காரர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "வீணையா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, கப்பல்."

"எங்க போகுது?"

"ஆபரேஷனுக்கு."

அவர் அடுத்த நிறுத்தத்தில் வேறு இருக்கைக்கு மாறிக்கொண்டார்.

பட்டறைக்காரர் போர்வையை விலக்கிப் பார்த்ததும் பின்வாங்கினார். "இதையா அறுக்கணும்? அம்மா, என் கைக்குக் கதவு நிலைதான் பழக்கம். இது கோணலாப் போச்சுன்னா நான் என்ன பதில் சொல்றது?"

"நீங்க சொல்ல வேணாம். ரம்பத்தை ஓட விடுங்க. தள்ளப்போறது நான்."

"உள்ள ஆணி கீணி இருக்கா? ஒரு ஆணி பட்டாலும் பட்டை அறுந்து மூஞ்சியில அடிக்கும்."

"ஒண்ணுகூட இல்ல. மரமுளைதான்."

"நிச்சயமா தெரியுமா?"

"நான் செஞ்சது. தெரியும்."

கப்பலின் அடிப்பகுதி தட்டை. அதை ரம்பத்தின் வழிகாட்டும் பலகையோடு ஒட்டினாற்போல் சாய்த்து, முன்னும் பின்னும் வளைவுக்குக் கீழே ஆப்பு கொடுத்து, ஆடாமல் நிறுத்தினாள். மூன்று தடவை அளந்தாள். புருஷன் வாசலுக்குப் போய், தெருவைப் பார்த்தபடி நின்றுகொண்டார். ரம்பம் ஓடத் தொடங்கியது. அவள் இரண்டு உள்ளங்கையாலும் மெதுவாகத் தள்ளினாள். அவசரப்பட்டதன் பலன்தான் கண்ணெதிரே இருந்தது. இந்தத் தடவை மரம் வழிவிட்ட வேகத்துக்கு மேல் ஒரு மயிரிழைகூடத் தள்ளவில்லை. கறுப்பு வண்ணம் பொடியாகப் பறந்து முன்கையில் படிந்தது. முதல் வெட்டு ஒன்பது நிமிஷம். இரண்டாவது வெட்டு பதினொன்று. ரம்பம் நின்றது. கப்பல் மூன்று துண்டாகக் கிடந்தது.

நடுத்துண்டை அவள் வெளிச்சத்தில் பிடித்தாள். வெளியே ஒரு சாண் தெரிந்த விரிசல், உள்ளே ஒன்றரை முழத்துக்கு ஓடியிருந்தது. பட்டறைக்காரர் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"இதை மூடி வச்சிருந்தா மானம் போயிருக்கும்மா."

"அதான் அறுத்தேன்" என்றாள். வாசலில் நின்றவரைக் கூப்பிட்டாள். "என்னங்க, வாங்க. உயிரோடதான் இருக்கு."

மரக்கடைக்காரரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் குத்திக் காட்டவில்லை. பரணில் ஒன்பது வருஷமாகக் கிடந்த ஒரு பலகையை இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தார். அதையும் அவள் அப்படியே நம்பவில்லை. ஒரு வாரம், தினமும் காலையில், சமையலறைத் தராசில் நிறுத்தாள். ஏழு நாளும் முள் ஒரே இடத்தில் நின்றது. மரத்திலிருந்து வெளியேற இனி ஈரம் இல்லை என்று அர்த்தம். எட்டாம் நாள்தான் உளி எடுத்தாள். ரம்பம் தின்ற கனத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, பலகையைக் கொஞ்சம் தடிமனாகவே வெட்டினாள். கீழே ஐந்து, மேலே மூன்று, நடுவே புதியது. பசை காய்ந்ததும் புருஷன் சோபாவை விட்டு எழுந்துவந்து, மண்டியிட்டு ஒரு முனையிலிருந்து கண்ணை ஓட்டினார். அவள் காத்திருந்தாள்.

"ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்றார் கடைசியில். பதினேழு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அவள் அப்படி ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு வட்ட ஜன்னல்கள். புதுப் பலகையில் வரும் வரிசையில் பக்கத்துக்கு எண்பத்திரண்டு. பல் துளைக்கும் கருவியால் ஒவ்வொன்றாகத் துளைத்து, ஒவ்வொன்றுக்கும் பித்தளை வளையம் பதித்தாள். தங்கை அந்த மாதம் வந்தபோது அவள் கையிலும் இடுக்கியைக் கொடுத்து, வளையம் எடுத்துத் தரச் சொன்னாள். முப்பதாவது வளையத்தில் தங்கை, "எனக்கும் வாந்தி வருதுடி" என்றாள். வண்ணம் நாலு பூச்சு. திறப்புவிழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது கப்பல் பேழைக்குத் திரும்பியது. காவல்காரப் பெண் கண்ணாடியில் மூக்கு பதிய வலதுபக்கம் முழுக்கத் தேடிவிட்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

விழாவன்று கூட்டத்துக்குக் குறைவில்லை. பேச்சுகள் முடிந்து எல்லோரும் சிற்றுண்டிப் பக்கம் நகர்ந்தபோது, மெலிந்த கிழவர் ஒருவர் மட்டும் பேழையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். மூன்றாவது சுற்றில் இடதுபக்கம் பின்பகுதியில் நின்றுவிட்டார். மாலுமி பக்கத்தில் போனதும், கூட வந்த மகள், "அப்பா இந்தக் கப்பல்ல ரொட்டி சுடுற வேலை பார்த்தாரு" என்றாள்.

"ஒன்பது வருஷம் இதுக்குள்ள மாவு பிசைஞ்சேன்" என்றார் அவர். "முழுசா வெளியிலருந்து பாக்குறது இன்னிக்குத்தான். துறைமுகத்துல எறங்குனா கிடங்கு மறைக்கும். பாதிதான் தெரியும்." சற்றுத் தயங்கிவிட்டு, விரலைக் கண்ணாடியில் வைத்தார். "இந்த ஜன்னல் இருக்கக் கூடாதே."

இயக்குநர் பதறி ஓடிவந்தார். "ஐயா, கட்டுன கம்பெனி வரைபடத்துல அது இருக்கு."

"வரைபடத்துல இருக்கும் சார். கப்பல்ல இல்ல. நான் சேர்ந்த ரெண்டாம் வருஷம் புயல்ல கண்ணாடி உடைஞ்சு, மாவு மூட்டை மேலயெல்லாம் கடல் தண்ணி. அடுத்த துறைமுகத்துல இரும்புத் தகடு அடிச்சு மூடிட்டாங்க. அதுக்கப்புறம் கடைசிவரைக்கும் எங்களுக்கு அங்க வெளிச்சமே கிடையாது."

அவள் கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியையும் கப்பலின் கடைசி வருஷப் புகைப்படத்தையும் எடுத்தாள். பின்பகுதியில் ஜன்னல் வரிசை நடுவே ஒரு மங்கிய புள்ளி. படத்தில் விழுந்த தூசி என்று நினைத்து, நூறு தடவையாவது அதைத் தாண்டிப் போயிருக்கிறாள்.

"நீங்க சொல்றதுதான் சரி" என்றாள். "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வர முடியுமா?"

பத்து மணிக்கு அவர் மகளோடு வந்துவிட்டார். இயக்குநர் பேழையைத் திறந்து வைத்திருந்தார். அவள் அந்த ஜன்னலின் பித்தளை வளையத்தை நெம்பி எடுத்து, துளையை மரத்தால் அடைத்து, கறுப்பு வண்ணம் பூசிய வட்டத் தகடு ஒன்றை இடுக்கியால் வைத்து அழுத்தினாள். கடுகைவிடக் கொஞ்சம் பெரியது.

"தகட்டுல எத்தனை ஆணி?" என்று கேட்டாள்.

அவர் கண்ணை மூடி, வலதுகையைக் காற்றில் நீட்டி, விரலால் தடவிப் பார்த்தார். "எட்டு."

அவள் ஊசிமுனையால் எட்டுப் புள்ளி வைத்தாள். அவர் குனிந்து பார்த்து, இரண்டு தடவை தலையாட்டினார். நிமிர்ந்தவர், கொஞ்சம் கூச்சத்தோடு, "பின்பக்க ஏணி ஒண்ணு... சொல்லலாமா?" என்றார்.

காவல்காரப் பெண்ணின் நாற்காலியை அவள் இழுத்து அவர் பக்கத்தில் போட்டாள். நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் புதுப் பக்கம் திருப்பினாள்.

"உக்காருங்கய்யா. ஒண்ணு விடாம சொல்லுங்க."